ஒன்பதாவது கிரீன்

கோல்ஃப் ஆடும் பெரிய மனிதர்களுக்குப் புல் என்றால் கம்பளம். யாராவது விரித்துவிட்டால் போதும். கோவைக்கு வெளியே ஒரு மைதானத்தில் புல்லுக்குப் பொறுப்பாளராக நான் சேர்ந்தபோது ஒன்பதாவது கிரீன் இழுத்துக்கொண்டு கிடந்தது. கிரீன் என்பது குழியும் கொடியும் இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்திடல். அங்கே மண் மிதிபட்டுக் கல்லாகியிருந்தது. தண்ணீர் விட்டால் மேலேயே நின்றது. அதைப் பிழைக்க வைத்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

என்னை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் கிளப்பின் கேப்டன். வாய் நிறைய "அம்மணி" என்பார். அவரிடம் விளக்கினேன்: மெஷின் விட்டு விரல் நீளத்துக்கு மண்ணைக் குத்தி எடுக்க வேண்டும், அந்த ஓட்டைகளில் சலித்த மணலை நிரப்ப வேண்டும், பிறகு புல் தேறும்வரை யாரும் ஆடக்கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது.

"தாராளமா செய்யுங்க அம்மணி. ஒருத்தரையும் கால் வெக்க உடமாட்டேன். நானாச்சு" என்றார்.

எங்கள் பக்கம் ஒருவர் "நானாச்சு" என்ற பிறகு எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். நானும் கேட்கவில்லை. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் கூசாமல் கேட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

குத்தி, மணல் நிரப்பினோம். சித்திரை உச்சிவெயிலில் நானே குழாயைப் பிடித்து, புல்லின் சூடு தணிகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தூவினேன். துளிர் விடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து கோபியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். போய்விட்டு வந்து பார்த்தால் கிரீனை ஒட்டச் சிரைத்து, ரோலர் ஓட்டி, கொடி நட்டிருந்தார்கள். கேப்டன் தம் தொழில் விருந்தாளிகளுக்குப் போட்டி நடத்தியிருந்தார்.

வெட்டும் மெஷின் ஓட்டுபவர் கையைப் பிசைந்தார். "அய்யாதானுங்க வெட்டச் சொன்னாங்க. உங்ககிட்ட கேட்டாச்சுன்னும் சொன்னாங்க."

சில நாட்களில் புல் கருகி வைக்கோலானது. கமிட்டி கூடியது. நான் வாயெடுக்குமுன் கேப்டன் தொண்டையைக் கனைத்தார்.

"மேடத்துகிட்ட அப்பவே சொன்னனுங்க, வெயில்ல ஓட்டை போட வேண்டாம்னு. கேக்கலைங்க."

அம்மணி எப்போது மேடம் ஆனேன்? அந்தப் போட்டியில் ஆடியவர்களும் அதே மேஜையில்தான் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் திடீரென்று காபி மேல் அக்கறை வந்துவிட்டது. பொய்யைக்கூட அவ்வளவு மரியாதையாக, 'ங்க' போட்டுச் சொன்னதுதான் இன்றுவரை ஆறவில்லை. அடுத்த முறை கிரீனை நேரில் பார்த்துவிட்டு என் வேலையைப் பற்றி முடிவெடுப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

அதற்குள் ஒரு கோடை மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தேன். இடையிலெல்லாம் சருகு, நாங்கள் குத்திய ஓட்டைகளில் மட்டும் பச்சை, வரிசை வரிசையாக. கேப்டனை அழைத்துவந்து காட்டினேன். குனிந்து ஒரு துளிரை விரலால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"வேர் நல்லா எறங்கியிருக்குதுங்களே" என்றார்.

இனி அவரே கமிட்டியில் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அப்போதும் நம்பினேன், வெட்கங்கெட்டவள். அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

மதியம் மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்து புல்லை உரிக்கத் தொடங்கினார்கள். என்ன இது என்று கேட்டேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்றார் ஒருவர். "நாளைக்குக் கமிட்டிக்காரங்க பாக்க வாராங்களாமுங்க. அதுக்குள்ள இதுல ஒரு பச்சைகூட கண்ணுல படக்கூடாதுன்னுட்டாருங்க அய்யா."