எருக்கலம்பிட்டி ஷப்னாவுக்காக

மன்னார்க் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் கோயில் மணிக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கும் சத்தம் திரேசம்மா ஆண்டவருக்கு நன்றி சொல்லும் சத்தம்தான். விடியப்புறம் புருசன் மில்ரனின் படகு கரையில் முட்டினால் ஒரு நன்றி. வலை நிறைய நண்டு இருந்தால் பெரிய நன்றி. நண்டு குறைவாக இருந்தால், வலை கிழியாமல் வந்ததே என்று அதற்கும் ஒரு நன்றி. கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றும்போது ஒன்று விரலைக் கவ்வினாலும், "மாதாவே, விரல் மிஞ்சிச்சுது, உமக்குத் தோத்திரம்" என்று கையை உதறிக்கொண்டே சொல்லுவாள்.

"அக்கா, மாதாவுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்கோவன்" என்று கூட இருக்கும் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். திரேசம்மா அவர்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். ஐம்பத்தாறு வயதில் அப்படிச் சிரிக்கக் கிடைத்ததற்கும் ஒரு தோத்திரம் சொல்லிவைப்பாள்.

மனிதர் விசயத்தில்தான் அவளுக்கு வாய் எழும்பாது. பக்கத்து வீட்டுத் தனுசியா மழைக்கு முந்தி ஓடிவந்து கொடியிலிருந்த உடுப்பையெல்லாம் எடுத்து மடித்து வைத்திருப்பாள். திரேசம்மா வந்து பார்த்து, "ஆண்டவரே, நனையாமல் காப்பாத்தினீரே" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உடுப்பைத் தூக்கிக்கொண்டு போவாள். தனுசியா பாவம், தான் அங்கே நிற்பது தெரியவில்லையோ என்று ஒருதரம் இருமிக்கூடப் பார்த்தாள். இத்தனைக்கும் திரேசம்மா நன்றி கெட்டவள் இல்லை. அன்றைக்கே பின்னேரம் ஒரு சட்டி நண்டுக் கறி தனுசியா வீட்டுக்குப் போய்விடும். ஆனால் நன்றி என்பது மேடையில் கதைக்கிறவர்கள் கடைசியாகச் சொல்லும் சொல், முற்றத்தில் நின்று சொன்னால் நடிப்பு என்று நினைப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கூச்சம். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறோம்.

போன பங்குனியில் அந்தக் கூச்சம் ஒரு பெரிய வேலை செய்துவிட்டது.

மில்ரனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அன்று ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்து, பேசாலையில் வலை பார்க்கவென்று மன்னாரிலிருந்து தலைமன்னார் பஸ்ஸில் ஏறிவிட்டார். அரைவாசி வழியில் உடம்பெல்லாம் வேர்த்து, நாக்கு குழறி, பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்தார். "ஆள் நல்ல குடிவெறியில நிக்குது" என்றார் அந்தத் தோளுக்குரியவர். பஸ் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த சந்தியில் இறக்கிவிடுவோம் என்று கொண்டக்டரும் எழும்பி வந்தார்.

பின் சீற்றிலிருந்து ஒரு பெண் எழும்பினாள். எருக்கலம்பிட்டி ஷப்னா. இருபத்தாறு வயது, உப்புக்குளத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளுடைய வாப்பாவும் இதே வருத்தக்காரர் என்பதால் சீனி இறங்கிவிட்டது என்று பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. சிநேகிதி ஒருத்தியின் கலியாண வீட்டில் கொடுத்துவிட்ட வட்டிலாப்பம் அவள் மடியில் இருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத அந்த மனிதரின் தலையைக் கையில் தாங்கி, வட்டிலாப்பத்தின் சர்க்கரைப் பாணியை விரலால் வழித்து அவருடைய கன்னக் கொடுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் மில்ரன் கண்ணைத் திறந்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார்.

எருக்கலம்பிட்டிச் சந்தியில் அவரை இறக்கி, மர நிழலில் இருத்தி, அவருடைய போனிலிருந்தே வீட்டுக்கும் தன் பெயரைச் சொல்லி எடுத்துச் சொன்னாள் ஷப்னா. ஓட்டோ பிடித்து வந்து இறங்கிய திரேசம்மா இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினாள். "மாதாவே! என்ர மாதாவே! உமக்குக் கோடி தோத்திரம்!" அழுதாள், சிரித்தாள், மில்ரனை அள்ளி ஓட்டோவில் ஏற்றினாள், போய்விட்டாள். ஒரு முழம் தள்ளி நின்ற ஷப்னாவின் முகத்தை அவள் ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அது மில்ரனுக்கு உறைத்தது. "எடியே, அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லையே!"

"மாதாவுக்குச் சொல்லிப்போட்டன். அவ அந்தப் பிள்ளைக்கு அறிவிப்பா."

"மாதா என்ன, தபால்காரியோ?"

அடுத்த கிழமை போவோம் என்றாள். பிறகு பெரிய வெள்ளி வந்தது. பிறகு நண்டு நன்றாகப் பட்ட காலம். நாள் போகப்போக, இவ்வளவு பிந்தி என்ன முகத்தோடு போவது என்ற வெட்கம் சேர்ந்துகொண்டது. எட்டு மாதம் ஓடிவிட்டது. இரவில் மில்ரன் பக்கத்தில் குறட்டை விடும்போது, அந்தச் சத்தத்துக்கு நன்றி சொல்லத் தொடங்குவாள். முகம் தெரியாத ஒரு பெண் நினைவில் வந்து நிற்பாள். செபம் பாதியில் நின்றுபோகும். முள் தொண்டையில் நின்ற மாதிரி அவளுக்கு அது நோகத் தொடங்கியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்: "ஆண்டவருக்கு நன்றி சொல்லுறவை, ஆண்டவர் அனுப்பின ஆளுக்கும் சொல்லவேணும்." மில்ரன் முழங்கையால் திரேசம்மாவை இடித்தார். அவர் இடிக்க முந்தியே அவள் துடித்துப்போயிருந்தாள்.

நேரே போய்ச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். ஞாயிறு பூசைக்குச் செபக் கருத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். சின்னக் கடதாசித் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டால், பூசை தொடங்க முந்தி உபதேசியார் இன்பாஸ் ஒலிபெருக்கியில் வாசிப்பார். நன்றிக் கருத்து என்றால் புனிதரின் பெயரைப் போட்டு, அவருக்கு நன்றியாக என்று எழுதவேண்டும். வெறும் ஆள் பெயரை எழுதி, கீழே கொடுக்கிற குடும்பத்தின் பெயரைப் போட்டால், அந்த ஆள் செத்துப்போன ஆள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். திரேசம்மாவுக்கும் தெரியும். ஆனால் அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் நூறு நன்றித் துண்டு எழுதிய அவள் கை, உயிரோடு இருக்கிற மனிதருக்கு ஒன்று எழுதியதில்லை. யோசித்து யோசித்து, முத்து முத்தாக இப்படி எழுதினாள்: "எருக்கலம்பிட்டி ஷப்னாவுக்காக. மில்ரன் திரேசம்மா குடும்பம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். இந்தத் துண்டு வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு, செத்தவர்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் அந்த இறங்கிய குரலில் வாசித்தார்: "எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஷப்னாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மில்ரன் திரேசம்மா குடும்பத்தினர்."

திரேசம்மா எழும்பியே விட்டாள். "உபதேசியார்! அது சாகேல்லை!"

அதற்குள் பாடகர் குழு வருகைப் பாட்டைத் தொடங்கிவிட்டது. ஆர்மோனியத்துக்கு முன்னால் யாருடைய குரல் எடுபடும்? ஒலிபெருக்கியோ கடற்கரை வரைக்கும் கேட்கிறது. எருக்கலம்பிட்டி வியாபாரிகளுக்கு மீன் கொடுக்கிறவர்கள் ஊரில் பாதிப்பேர். சுவாமி பீடத்துக்கு ஏறுவதற்கு முன்பே கரையிலிருந்து நாலு போன் போய்விட்டது.

பூசை முடிந்ததும் மில்ரன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னால் ஏறிய திரேசம்மா எருக்கலம்பிட்டி வரும்வரைக்கும் "மாதாவே, மாதாவே" என்று முதுகில் முட்டி முட்டி அழுதாள். மில்ரனுக்கோ சிரிப்பை அடக்க முடியாமல் கைபிடி ஆடியது.

"மாதாவை விடு. இண்டைக்கு நீதான் கதைக்கவேணும்."

ஷப்னாவின் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள் நின்றன. யாரோ பள்ளிவாசலிலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகளைக்கூட இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாழ்வுபாட்டில் நண்டு வாங்கும் வியாபாரி ஒருவர் செத்த வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியோடு என்ன செய்வதென்று தெரியாமல் மதில் ஓரம் நின்றார். நடுவில், காதில் போனோடு, மௌத்தாகிப்போன ஷப்னா உயிரோடு நின்றாள்.

"நான்தான் மாமி கதைக்கிறன். ஓம், ஹயாத்தோடதான் இருக்கிறன். இல்ல மாமி, நீங்க வராதீங்க!"

அவளுடைய உம்மா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றார். "எங்கட புள்ளைய மௌத்தாக்கின ஆள் ஆரு? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க!"

திரேசம்மாவின் கால் பின்னுக்கு இழுத்தது. வாய் வழக்கப்படி மாதாவைக் கூப்பிடத் திறந்தது. அதை மூடிக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"நான்தான், தங்கச்சி" என்றாள் உம்மாவிடம். துண்டு எழுதிய கதையை மூச்சு விடாமல் சொன்னாள். அரைவாசியிலேயே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. உம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொடிக்காரர் கொடியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஷப்னா மட்டும் சிரிக்கவில்லை. மில்ரனையும் திரேசம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, உங்களுக்கு என்னில கோவமில்லையா?"

"கோவமோ? என்னத்துக்குப் பிள்ளை?"

"அண்டைக்கு நீங்க என்னப் பாக்கவே இல்ல. ஒரு அந்நிய ஆம்பிளைய, பஸ் நிறையச் சனம் இருக்கக்குள்ள, நான் தொட்டுத் தூக்கினன். அது உங்களுக்குப் பிடிக்கல்ல எண்டு நினைச்சன். பஸ்ஸில இருந்த ரெண்டு பேரும் அப்பிடித்தான் கதைச்சாங்க. நான் செஞ்சது பிழையோ எண்டு…" கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்குப் பிறகு அந்த பஸ்ஸில நான் ஏறுறதே இல்ல. கூடப்பொறந்த நானாவோட மோட்டார் சைக்கிள்லதான் வேலைக்குப் போய் வாறன்."

சிரிப்பு நின்றுவிட்டது. தான் பிந்திவிட்டதை வெட்கம் என்று மட்டும்தான் திரேசம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன் வாய்க்குள் கிடந்த ஒரு சொல் இந்தப் பிள்ளையை எட்டு மாதம் தலைகுனிய வைத்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஷப்னாவின் வலது கையைப் பிடித்து, நண்டு கவ்விக் கவ்விக் காய்த்துப்போன தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கை தொட்டதாலதான் என்ர மனுசன் இருக்கிறார். நன்றி பிள்ளை. உனக்கு. மாதாவுக்குப் பிறகு சொல்லுறன், முதல்ல உனக்கு."

ஷப்னா அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். உம்மா உள்ளே போய்ச் சோற்றுக்கு இன்னும் இரண்டு சுண்டு அரிசி போட்டார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த நாள், திங்கட்கிழமை பின்னேரம், மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட பஸ்ஸில், வேலை முடிந்து வந்த ஷப்னா தயங்கித் தயங்கி ஏறினாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல், பின் சீற்றுக்குப் போக நினைத்தாள். முன் சீற்றில் பூசைக்குக் கட்டுகிற நல்ல சேலையோடு திரேசம்மா இருந்தாள். தலைமன்னாரில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஷப்னாவைக் கண்டதும் எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுவதற்கும் கேட்கத் தன் தோத்திரக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ! என்ர மனுசனை இந்த பஸ்ஸில காப்பாத்தின பிள்ளை இதுதான்!"