முதல் பாதி சொல்ல ஆளில்லை

மாதாவிடம் போய், 'இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம்' என்று யாராவது சொல்வார்களா? நான் சொன்னேன். நேரடியாக இல்லை... லூர்துசாமி மூலமாக.

லூர்துசாமி எங்கள் மூக்கண்டப்பள்ளி அன்பியத்தின் தலைவர். அன்பியம் என்றால் — தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்கிற சின்னக் குழு. லூர்து ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்டு முடிந்தால் கோயில், கோயில் முடிந்தால் ஷிப்டு.

அக்டோபர் வந்துவிட்டால் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகக் கிளம்பிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கல். சாயங்காலம் எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். சுண்டல், டீ உண்டு. மறுநாள் பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிப்போய் அடுத்த வீட்டில் விட வேண்டும். இதுதான் வழக்கம்.

"இந்தத் தடவை என் வீட்டை விட்டுடுங்க லூர்து" என்றேன். பஸ் கண்டக்டரிடம் ஸ்டாப்பில் நிற்காமல் போகச் சொல்கிற மாதிரி.

"அதெப்பிடி சார் வுட முடியும்? ஜோசப்பு வூட்ல இருந்து டீச்சர் வூட்டுக்குப் போற வழில உங்க வூடு. மாதாவத் தூக்கிக்கினு உங்க வாசலைத் தாண்டி எப்பிடிப் போறது? நீங்க கதவை மட்டும் தொறந்து வெய்ங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

ஏன் வேண்டாம் என்றேன்? அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் என் மனைவி அமலியை நான் கிண்டலடித்து வாராத வாரங்கள் குறைவு. அவளுடைய ரசம், அவளுடைய பட்ஜெட், என் அழுக்குச் சட்டையை முன்வைத்து அவள் நடத்தும் பிரசங்கம்... எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. கொஞ்ச காலமாக அவளை இங்கே காணோம் என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். 'வீட்டில் சண்டையா சார்?' என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். சண்டை இல்லை. அமலி தவக்காலத்தில் இறந்துபோனாள்.

எழுத வரவில்லை. எழுதி அச்சில் வந்துவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். இப்போது எழுதிவிட்டேன்.

நோயில் கிடந்த காலமெல்லாம் வேண்டாத சாமியில்லை என்பார்கள் அல்லவா? எங்களுக்கு ஒரே சாமிதான். அவரையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பங்கு மக்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். பூசையில் அவள் பெயரை வாசித்தார்கள். அவர் தரவில்லை. கோபம் வருமா, வராதா?

வந்தது. ஆனாலும் ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் நிற்பேன். நற்கருணை முடிந்ததும், அறிவிப்பு வாசிப்பதற்குள் நழுவிவிடுவேன். 'எப்பிடி இருக்கீங்க சார்?' என்று வாசலில் ஒருவர் கேட்டால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். ஆனால் வீட்டில் ஜெபம்? அது அமலியோடு நின்றுவிட்டது.

காரணம் கோபம் மட்டும் இல்லை. ஜெபமாலை எப்படிச் சொல்வோம் தெரியுமா? ஒருவர் முதல் பாதியைச் சொல்வார்... 'அருள் நிறைந்த மரியாயே வாழ்க' என்று ஆரம்பித்து. மற்றவர்கள் 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று இரண்டாம் பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆரம்பிக்கிறவள் அமலி. பதில் சொல்கிறவன் நான். மகள் வீட்டில் இருந்தவரை அவளும் என் கட்சி. அவள் கல்யாணமாகி மஸ்கட் போனபிறகு என் கட்சியில் நான் மட்டும்.

எனக்கு முதல் பாதி தெரியாது என்றில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் தனியாக உட்கார்ந்து முதல் பாதியைச் சொன்னால், பதிலையும் நானே சொல்ல வேண்டும். சொல்லும்போதே தெரிந்துவிடும், வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது. ஒரே ஒரு நாள் முயற்சி செய்து பார்த்தேன். பாதியில் எழுந்து டி.வி.யைப் போட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதா வருகிறாராம். என்ன செய்ய?

போன செவ்வாய்க்கிழமை வந்தே விட்டார். மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஆறேழு பேர் தூக்கி வந்து, நான் போர்வை விரித்து வைத்திருந்த மேசையில் வைத்தார்கள். முன்பெல்லாம் தெரு அடைத்துக்கொண்டு கூட்டம் வரும். இந்த வருஷம் எங்கள் தொழிற்பேட்டையில் இரண்டு கம்பெனிகளில் ஆள்குறைப்பு. பாதிப் பேர் ரூமைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் 'அடுத்தது யாரு?' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுப் பாடும்போதுகூடச் சத்தமில்லை.

"ஏழு மணிக்கு எல்லாரும் வந்துருவோம் சார். சுண்டலு மட்டும் ரெடி பண்ணி வெய்ங்க" என்று சொல்லிவிட்டு லூர்து போனார்.

சுண்டல் செய்தேன். வாழ்க்கையில் முதல் சுண்டல். உப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. டீக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பால் காய்ச்சினேன். பக்கத்து வீடுகளில் நாற்காலி கேட்டு வாங்கினேன். வேலை இருந்ததால் மனம் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்கிற நினைப்பே எத்தனை மாதங்களுக்குப் பிறகு...

ஆறரைக்கு லூர்து சைக்கிளில் பறந்து வந்தார். வாசலில் காலை ஊன்றியபடியே, "சார், மன்னிச்சிக்குங்க. எங்க கம்பெனில இன்னும் கொஞ்ச பேரை வேலைய வுட்டு எடுக்கறாங்களாம். கேட்டாண்ட மீட்டிங்கு. நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான். பொம்பளைங்களும் கெளம்பிட்டாங்க. நீங்க ஜெபமாலைய ஆரம்பிச்சிருங்க" என்றார்.

"நான் மட்டுமா?"

"மாதா வந்த வூட்ல ஜெபமாலை சொல்லாம வெக்கக் கூடாது சார்."

சைக்கிள் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியுமா? வேலை போகிறதா, இருக்கிறதா என்கிற கவலை அவருக்கு. சுண்டலைப் பற்றிய கவலை எனக்கு.

மெழுகுவர்த்தி ஏற்றினேன். சிலுவை அடையாளம் போட்டேன். விசுவாசப் பிரமாணத்தை எப்படியோ முணுமுணுத்து முடித்தேன். அதற்குமேல் ஓடவில்லை. எதிரே காலி நாற்காலிகள். நடுவில் மாதா. 'உங்களைத்தான் வரவேண்டாம் என்றேனே' என்று நிஜமாகவே வாய்விட்டுச் சொன்னேன். அவ்வளவு ஆத்திரம். இன்றைக்கு இந்த ஜெபத்தைச் சொல்லாவிட்டால் இனிமேல் எப்போதும் சொல்லப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் வரவில்லை.

அப்போதுதான் கௌரம்மா வந்தார்.

கௌரம்மா பக்கத்து வீடு. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டில் கன்னடம், வெளியே ஓசூர்த் தமிழ். செவ்வாய், வெள்ளி மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். கையில் ஒரு தட்டு நிறைய ரோஜாப்பூ.

"உங்க மாதா தேவரம்மா வந்திருக்காங்கன்னாங்க. பூ கொண்ணாந்தேன்" என்றவர், காலி நாற்காலிகளைப் பார்த்தார். "ஏன் சார், மணி ஏழு தாண்டிச்சு. இன்னும் சுரு பண்ணலியா?"

"ஆளுங்க வந்ததும் ஆரம்பிக்கலாம்மா."

"யாரு வரப்போறாங்க? எங்க வீட்டுக்காரரும் கேட்டாண்டதான் நின்னுக்கினு இருக்காரு. நீங்க சொல்லுங்க."

"ஆரம்பிக்க ஆளில்லம்மா. அமலிதான் ஆரம்பிப்பா."

கௌரம்மா பூவை மாதாவின் காலடியில் வைத்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கணீரென்று ஆரம்பித்தார்.

"அருள் நிறைந்த மரியாயே வாள்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ழ' மட்டும்தான் கௌரம்மாவுடையது. மற்றதெல்லாம் அமலி. அந்த 'வாழ்க'வில் ஒரு இழுப்பு, 'கர்த்தர் உம்முடனே'யில் ஒரு அவசரம்... அவள் பிறந்த திண்டுக்கல் பக்கத்து ராகம் மாறாமல் அப்படியே வருகிறது. 'இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்பதோடு சட்டென்று நிறுத்திவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். சுவர் தாண்டிப் போனது அமலியின் குரல் மட்டும்தான் போலிருக்கிறது. அதற்குமேல் அவருக்குத் தெரியாது.

"அர்ச்சிஷ்ட மரியாயே..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

கௌரம்மா மூடிய கண்ணைத் திறக்காமல், அதே ராகத்தில், "கொஞ்சம் வாயைத் தொறந்துதான் சொல்லுங்களேன்" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த 'அருள் நிறைந்த'வுக்குப் போய்விட்டார்.

அது ஜெபத்தில் இல்லை. எந்த ஜெபப் புத்தகத்திலும் கிடையாது. அது அமலி. நான் முனகுகிறேன் என்று தினமும் ஜெபத்துக்கு நடுவில் எனக்கு விழுகிற குட்டு அது.

அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. அழுதுகொண்டே பதில் சொன்னேன். கௌரம்மா நிறுத்தவில்லை. பத்து 'அருள் நிறைந்த'வுக்கு ஒருமுறை நிறுத்தி வேறு ஜெபங்கள் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஆரம்பிக்க, நான் பாட்டுக்குப் பதில் சொல்ல... எத்தனை சொன்னோம் என்று மாதாவுக்குத்தான் தெரியும். நடுநடுவே 'வாயைத் தொறந்து'ம் வந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் டீ கொடுத்தேன். "இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கறது என்ன சார்? அக்கா சுரு பண்ணா நான் அடுப்புல தண்ணி வெப்பேன். அக்கா முடிச்சா முத்தெ கிண்டி எறக்குவேன். எத்தினி வருசமா கேக்கறேன்." முத்தெ என்றால் கேழ்வரகுக் களி. டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு அவரே சொன்னார்: "அக்கா போனதுல இருந்து சாயங்காலம் ஆச்சுன்னா சொவத்துக்கு அந்தாண்ட ஒரு சத்தமும் இல்ல. எனக்கே ஒரு மாதிரி இருக்குது சார்."

"நடுவுல வாயைத் தொறந்து சொல்லுங்கன்னீங்களே... அது?"

"அதுவும் மந்தரம்தான? எங்க பூஜையில அய்யரு நடுவுல 'பூ போடுங்க, தண்ணி வுடுங்க'ன்னு சொல்றாரில்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன். தினமும் சொல்வாங்களே." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பயந்துபோய், "தப்பா சொல்லிட்டனா சார்?" என்றார்.

"இல்லம்மா. அதுவும் ஜெபத்துல சேந்ததுதான்" என்றேன்.

சுண்டலை ஒரு வாய் போட்டவர், மரியாதைக்காக இரண்டாவது வாயும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அறிவிப்பு முடியும்வரை கோயிலில் நின்றேன். பிறகு பங்குத் தந்தையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஃபாதர், மாரியம்மன் கோயிலுக்குப் போற அம்மா ஜெபமாலை நடத்தினாங்க. எண்ணிக்கையும் தப்பு, முறையும் தப்பு. இது செல்லுமா?"

"மாதா ஏதாவது ஆட்சேபணை சொன்னாங்களா?" என்று கேட்டார்.

சிரித்தேன். அவரும் சிரித்தார். இளவயசுக்காரர், எந்நேரமும் பத்துப் பேர் சூழ நிற்பவர். பேச்சுவாக்கில், "தனியா சொல்ல முடியலன்னு சொல்றீங்களே சேவியர் சார்... கோயில் பங்களாவுல தெனமும் ரெண்டு பாதியும் நானேதான் சொல்றேன். சில நாள் ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். பூசையில் ஆயிரம் பேரைப் பதில் சொல்ல வைக்கிற மனிதர். அவருக்கும் சாயங்காலம் ஆனால் நாலு சுவர்தான் என்பது எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

இழந்த விசுவாசம் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. விசுவாசம் என்றால் ஏதோ பெரிய வெளிச்சம் மாதிரி வரும் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. கடவுள்மேல் கோபமும் முழுசாகத் தீரவில்லை. அமலியை ஏன் எடுத்துக்கொண்டார் என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது. வீடும் காலிதான். லூர்துசாமிக்கு வேலை இருக்குமா என்பதும் இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடுகிறேன். இரண்டு பாதியும் நானே. முதல் பாதி எப்படியோ சத்தமாக வந்துவிடுகிறது. இரண்டாம் பாதிக்கு வரும்போதுதான் பழைய புத்தி... குரல் தானாக உள்ளே இறங்கிவிடும்.

உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'டொக்'கென்று ஒரு தட்டு விழுகிறது.