அவர் கரையை விட்டுப் போகவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதம், முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்த நேரம். விஸ்வநத்தம் தாண்டி இருக்கும் ஒரு கண்மாயில் சனிக்கிழமை மதியம் நடந்தது இது. நான் விருதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மின்னல், இடி எல்லாம் வருடாவருடம் வகுப்பில் நடத்துகிற பாடம். அதனால்தான் இந்தச் சம்பவத்தை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆனது.

என்னோடு படகில் இருந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அதற்கு முன் இரண்டு வருடங்களாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தப்பு என்னுடையதுதான். ஆசிரியர் பயிற்சிக்கு நான் அலைந்து வாங்கிக் கொடுத்த இடத்தை அவன் பாதியில் விட்டுவிட்டு, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்துவிட்டான். எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், சொந்தக்காரர்கள் இருபது பேர் இருக்கும்போது, படிப்பு ஏறாதவனுக்குப் பட்டாசுக் கட்டுதான் கதி என்று சொல்லிவிட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று அக்காவுக்கு மட்டும் போன் செய்திருந்தான். என் மனைவி என்னை விடவில்லை. முதல் நாளே கிளம்பி அவன் வீட்டுக்குப் போனோம். அவன் வாங்க அத்தான் என்றான், செம்பில் தண்ணீர் கொடுத்தான், அதோடு சரி. முன்னறையில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவனுக்குச் சிநேகிதர் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூண்டில் பித்து உண்டு என்பதும் தெரியும். ரெண்டு பேரும் போய் ராத்திரிக் குழம்புக்கு நாலு விரால் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று வெளியே துரத்திவிட்டாள்.

அதற்கு முந்தின வருடம் நல்ல மழை. அதனால் சித்திரையிலும் கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் கிடந்தது. குத்தகைக்காரருடைய பைபர் படகு மதகுக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. மூன்று பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஒரு துடுப்பு, ஒரு மூங்கில் கழி. மச்சினன் கழியை ஊன்றித் தள்ளி, எதிர்க்கரை ஓரம் கோரை மண்டிக் கிடந்த இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே கரைமேல் இரண்டு பனைகள் நின்றன. அவற்றின் நிழல் தண்ணீரில் விழுகிற இடத்தில் தூண்டிலைப் போட்டோம்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. நாங்களும் பேசவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, குளிர்ந்த காற்று ஒன்று வீசியது, வீசிய கொஞ்ச நேரத்தில் என் தூண்டில் வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அது படகுக்குள் விழுந்து துள்ளியதில் இரண்டு பேர் முகத்திலும் சேற்றுத் தண்ணீர் அடித்தது. மச்சினன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். இரண்டு வருடம் கழித்து.

அதோடு பேச்சும் வந்தது. மகளைப் பற்றிச் சொன்னான். அவன் நெஞ்சில் போட்டுக்கொண்டால்தான் தூங்குவாளாம், தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவாளாம். பட்டாசு மருந்து வாடை குழந்தைக்கு ஆகாது என்று, கம்பெனியிலிருந்து வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் தூக்குவானாம். அவன் சொல்லச் சொல்ல, அந்தப் பந்தியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான் வாக்கியத்தை மனத்துக்குள் கோர்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள் அவன் ஒன்று பிடித்தான். நான் இன்னொன்று பிடித்தேன். மழைக்கு முன்னால் மீன் இப்படி விழுந்து கடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் முதல் இடி.

தூரத்தில் மலைப்பக்கம் உருண்டது. மச்சினன் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தான். நான் வாத்தியாராகிவிட்டேன். அடுத்த மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். பதினைந்தில் இடி கேட்டது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று அவனுக்கு விளக்கி, அஞ்சு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு மாப்ள, இன்னும் நேரம் இருக்கு என்றேன். உண்மையில் என்ன தெரியுமா? இடிச்சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதையும் நான்தான் வகுப்பில் சொல்கிறேன்.

அடுத்த தடவை பத்து. அதற்கடுத்த தடவை நான் எண்ணவே இல்லை.

திரும்பிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கரைக்குப் போனால் இந்தப் பேச்சு அறுந்துவிடும், வீட்டில் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று இருந்தது. அவனாகச் சொல்லட்டும், போய்விடலாம் என்று காத்திருந்தேன். அவன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் தூண்டில் தக்கையைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. சரி, இவனும் இருக்க ஆசைப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

எதிரே மதகுப் பக்கத்துக் கரையில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். இடி இடித்தால் அங்கே மருந்து அறைகளைப் பூட்டி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் வேகமாக நடந்து கரையை விட்டு இறங்கினார்கள். ஒருவர் மட்டும் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும், நீலச் சேலை, கையில் தூக்குச்சட்டி. எங்களைப் பார்த்துக் கையை வீசிக் கூப்பிட்டார். காற்றில் குரல் அரைகுறையாக வந்தது.

"அண்ணே, வெளிய வந்துருங்க. இடி கிட்ட வந்துருச்சு."

நான் கையை ஆட்டி, வருகிறோம் என்பதுபோலக் காட்டிவிட்டுத் தக்கையைப் பார்த்தேன். அவர் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது என் தூண்டிலில் சிக்கிய மீன் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அந்த எரிச்சலில் கத்தினேன்.

"உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போம்மா. எங்களுக்குத் தெரியும்."

முன்பின் தெரியாத பெண்ணிடம், ஒருமையில். சொன்னதும் மச்சினன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அவர் அதற்கும் போகவில்லை. கூட வந்த பெண்கள் கீழேயிருந்து அவரைக் கூப்பிடுவது கேட்டது. அவர் தூக்குச்சட்டியைத் தூரமாக வைத்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு காலையும் ஒட்டிவைத்து, கரைமேல் குத்தவைத்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்து காதுகளைப் பொத்திக்கொண்டார். மரம் மட்டை இல்லாத மொட்டைக் கரை அது. அந்தக் கருத்த வானத்தின் கீழே நீலமாக ஒரு சின்ன உருவம் தனியாகக் குந்தியிருந்தது.

ஒரு மின்னல் வெட்டியது. நான் எண்ண ஆரம்பிப்பதற்குள் இடி விழுந்துவிட்டது. படகு அதிர்ந்ததுபோல இருந்தது.

மச்சினன் தூண்டிலைக் கீழே போட்டான். "அந்தம்மா போகாது அத்தான். நம்ம போனாத்தான் அது போகும்" என்றான்.

என்னை அசைத்தது அந்த வார்த்தைதான். இடியைக் கண்டு வராத புத்தி அப்போது வந்தது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறதால் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இது என் ஒருவனுடைய துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை. என் மூங்கில் தூண்டிலையும் படகுக்குள் படுக்கப்போட்டேன். அவன் கழியை ஊன்றினான், நான் துடுப்பை எடுத்தேன். எதிர்க்காற்று. இரண்டு முழம் முன்னால் போனால் ஒரு முழம் பின்னால் தள்ளியது. மழை சரளைக்கல் எறிகிறமாதிரி அடித்தது. கண்மாயின் நடுவில், சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், எங்கள் இரண்டு பேர் தலைதான் உயரம் என்ற நினைப்பு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு துடுப்பைப் போட்டேன். மச்சினன் எழுந்து நிற்காமல் முட்டி போட்டபடியே கழியைத் தள்ளினான். அவன் உதடு அசைந்தது. ஜெபித்துக்கொண்டிருந்தான். அவன் மகளை நினைத்தேன். நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். என்னால் இவனுக்கு ஏதாவது ஆனால் நான் அந்த வீட்டுப் படியை எப்படி ஏறுவேன்?

கரை தட்டியதும் குதித்தோம். கரைக்குக் கீழே எங்கள் பைக் நின்ற புளியமரத்தை நோக்கி நான் ஓடினேன். "அங்கன போகாதீக, மரத்தடி வேணாம்" என்று அந்தப் பெண் கத்தினார். பத்தடி தள்ளித் தோட்டத்துக்காரர்களுடைய மோட்டார் அறை இருந்தது. சிமெண்டுக் கட்டடம். மூன்று பேரும் அதற்குள் ஓடி நுழைந்தோம். மோட்டாரையும் ஒயரையும் தொடவேண்டாம், சுவரில் சாயவேண்டாம் என்றான் மச்சினன். நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

கண்மாய் முழுக்க வெள்ளையானது. சத்தம் காதில் கேட்டதாக நினைவில்லை, நெஞ்சில்தான் அடித்தது. கந்தகம் போலவா, கருகின நகம் போலவா, என்னவோ ஒரு வாடை வந்தது. கண் தெளிந்தபோது எதிர்க்கரைப் பனைகளில் ஒன்றின் உச்சி மழையிலும் புகைந்துகொண்டிருந்தது. கால்மணி நேரத்துக்கு முன் அதன் பக்கத்தில்தான் எங்கள் படகு நின்றது.

 நான் அப்படியே ஈரத் தரையில் குந்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, உங்களை அப்படிப் பேசினது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே பரவாயில்லை என்றார். அவர் விரல்களில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப்பொடி மழையில் பாதி கரைந்து சாம்பல் நிறத்தில் வழிந்தது. மற்றவர்கள் போனபோது நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

அவர் வாசலில் மழையைப் பார்த்தபடி சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவரும் அவர் வீட்டுக்காரரும் மிளகாய்த் தோட்டத்தில் பழம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். இடி இடித்திருக்கிறது. இவர் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர், இன்னும் ரெண்டு பாத்திதான், நீ போ, நான் வந்துருதேன் என்றிருக்கிறார்.

"நான் ஒரு தடவதான் கூப்பிட்டேன்யா. கூப்பிட்டுட்டு வந்துட்டேன். அவுக வரல." கொஞ்சம் பொறுத்து, "நீங்க என்ன பேசினாலும் பேசிட்டுப் போறீக, வெளிய வந்தாச் சரின்னு இருந்தேன்" என்றார்.

நான் மச்சினன் பக்கம் திரும்பி, நீ பயப்படலையா மாப்ள, உனக்கு இருக்கணும்னுதானே இருந்துச்சு என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"முதல் இடியிலயே பயந்துட்டேன் அத்தான். கம்பெனியில இருந்திருந்தா அப்பவே எல்லாரையும் வெளிய அனுப்பியிருப்பேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? பட்டாசுக்காரன் எனக்குப் பாடம் எடுக்கானான்னு நினைச்சிருவீகளோன்னு வாய மூடிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னான். அதுதான் என்னை அடித்தது. கம்பெனியில் நாற்பது பேர் உயிருக்குத் தினமும் காவல் இருக்கிறவன் அவன். அன்றைக்கு அந்தப் படகில் சரியாக முடிவெடுக்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பந்தியில் நான் பேசிய பேச்சு, அவன் வாயை அந்த நேரத்தில் கட்டிப்போட்டுவிட்டது. கோர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் அப்போது வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சிரு மாப்ள என்பது மட்டும் வந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் மச்சினன் வெளியே விட்டான். இந்தத் தடவை நான் வாய் திறக்காமல் அவன் சொன்னபடி நின்றேன். பிடித்த மூன்று விராலையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்தோம். வேண்டாம் என்றார். பிறகு ஒன்றே ஒன்றை வாங்கித் தூக்குச்சட்டியில் வளைத்து வைத்தார். பட்டாசுக் கம்பெனியில எந்தக் கட்டுல விரால் இருந்துச்சுன்னு எம்மக கேப்பா என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கரையோரம் நடந்து போனார். மச்சினன் அழைத்தபடி மறுநாள் ஞானஸ்நானத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேக் சாப்பிட்டுவிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

அதன் பிறகும் மச்சினனும் நானும் அந்தக் கண்மாய்க்குப் போயிருக்கிறோம். வானம் கறுத்தால் அவன் ஒரு வார்த்தை சொல்வான், நான் துடுப்பை எடுத்துவிடுவேன். என் வகுப்பிலும் இப்போது நான் பேசி முடித்ததும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன். யாருக்காவது ஏதாவது சொல்லவேண்டும் போல முகம் இருந்தால், நானே கேட்கிறேன். மின்னலுக்குத் தப்பினேன் என்று நான் எங்கும் பெருமையாகச் சொல்வதில்லை. எத்தனை பேர் எனக்கு நல்லது சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லாமலே திரும்பியிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.