வேலிக்குள் வந்த செண்டுடுக்

மலாயாவின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாதபடி, எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வேலியோரம் மறைவு இருக்கக் கூடாது என்று புதர்களை எல்லாம் வெட்டினார்கள். புதரோடு வண்டுகளும் போயின. வெயில் மாதங்களில் கம்பியின் நிழல் மட்டும் தரையில் மெல்ல நகரும்.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. வெகுகாலம் கழித்துப் பிறந்த என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு மத்தியானம், பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கும் அடுத்த வீட்டு அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“டீச்சரம்மா, பிள்ளை வாயைப் பாருங்கலா! மை குடிச்ச மாதிரி இருக்கு.”

செண்டுடுக் என்ற காட்டுச்செடியின் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். அந்தச் செடி வேலிக்கு வெளியே மட்டும்தான் இருந்தது. வேலி வாசலைப் பூட்டிய பிறகு வெளியே எது அசைந்தாலும் காவலர்கள் சுடுவார்கள்.

“எப்படிடி போனே?”

“கம்பிக்கு அடியில பள்ளம் இருக்கும்மா. கருவண்டு போச்சு, நானும் போனேன்.”

“அங்க யாரு இருந்தா?”

“வண்டுதான்.”

பள்ளத்தை அன்றே மூடவைத்தேன். இன்னொன்றை அவள் கண்டுபிடிக்க மாட்டாளா? செண்டுடுக் பூவைத் தேடி வண்டு உள்ளே வந்துவிட்டால் அவள் வெளியே போகமாட்டாள் என்று தோன்றியது. அக்காவிடம் அந்தச் செடியைக் கேட்டேன். மறுநாள் பால்வாளியில் வேர்மண்ணோடு இரண்டு செடி வந்தது. வாசல் காவலர் மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்துச் சிரித்தாராம்.

“எல்லாரும் அரிசியை வெளிய கடத்துறாங்க. நீ காட்டை உள்ள கடத்துறியே அக்கா!”

வேலியிலிருந்து தள்ளி, பள்ளி முற்றத்தில் நட்டோம். புல்வெட்டுகிறவர் பழக்கதோஷத்தில் களை என்று இரண்டையும் சீவிவிட்டார். அக்கா திட்டிய திட்டில் அவரே நாலு செடி தோண்டி வந்து நட்டார்.

அடுத்த வெயிலில் ஊதாவாகப் பூத்தது. கருவண்டு பூவைக் கட்டிக்கொண்டு உடம்பை உதறும். மஞ்சள் தூள் பொழியும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் குரலோடு அந்த ரீங்காரமும் கலக்கையில் வகுப்பே எங்கோ மிதப்பதுபோல் இருக்கும். பள்ளி விட்டதும் மகள் செடிகளுக்கு நடுவே அசையாமல் குந்தியிருப்பாள்.

பழம் பழுத்தபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. எல்லாப் பிள்ளைகளின் நாக்கும் கறுத்திருந்தது. இனி நாக்கைப் பார்த்து, என் மகள் வெளியே போய் வந்தாளா என்று சொல்ல முடியாது.

அன்று முதல் திருத்த வேண்டிய நோட்டுகளோடு நானும் அந்தச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்தேன். மகள் நகர்ந்து இடம் விட்டாள்.