ஆக்லாந்திலிருந்து பதினெட்டு மணி நேரம்

படாளம் அப்பாசாமி இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனால் டொராண்டோவிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம், ஆக்லாந்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். பெட்டியை இறக்கியதும் முதல் கேள்வி, "புள்ளைங்க எங்க கீறாங்க?"

கேட்காமல் இருந்த காலமும் உண்டு. ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் மகன் வந்துசேரும் நேரத்தைத் தப்பாகப் போட்டு, அவன் வருமுன்பே உடலை எடுத்துவிட்டார்கள். கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தும், நமக்கென்ன என்று நின்றார் அப்பாசாமி. டொராண்டோவிலிருந்து ஓடிவந்த மகன் காலிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றோடு வாயை மூடிக்கொண்டிருப்பதை விட்டார்.

மாமல்லபுரத்தில், கோயில் தெருவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் சாரங்கபாணியின் மனைவி பர்வதம் இறந்தபோது ஒரே மகள் மானசா ஆக்லாந்தில் இருந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அப்பாசாமி பெட்டியைப் பார்க்கப் போனால், பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உடல் தெருவைவிட்டுப் போகும்வரை கோயில் நடை திறக்காது, அந்த அவசரம். எந்தக் காரியத்திலும் அதிகாரம் பண்ண ஓர் ஆள் வேண்டுமே, இங்கே அது பர்வதத்தின் தம்பி சீனு.

"ராத்திரி பன்னண்டரைக்கு ஏறறேன்னா. பதினெட்டு மணி நேரம். ஆத்துக்கு வர இன்னிக்கு ராத்திரி ஒம்போதாயிடும். இருட்டினப்புறம் எடுக்க முடியுமா? நாளை வரைக்கும் பெருமாளைப் பட்டினி போடச் சொல்றியா?"

"பதினெட்டு சரி சார். பன்னண்டரைதான் அந்த ஊரு பன்னண்டரை. அங்க கடியாரம் நமக்கு ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடிக்கினு கீது. நேத்து சாயங்காலம் ஆறுக்கே பொண்ணு ஏறிடுச்சு. பகல் பன்னண்டுக்கு எறங்கிடும். ரெண்டரைக்கு வூட்டாண்ட நிக்கும்."

"அப்படின்னா வழியில ப்ளேன் மாறற சிங்கப்பூர்லேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? நீ பெட்டி வைக்க வந்தியா, பஞ்சாங்கம் பார்க்க வந்தியா?"

அப்பாசாமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாரங்கபாணியிடம் போனார்.

"சார், பொண்ணு எப்பவும் ஏரோப்ளேன் எறங்கினா யாருக்கு சொல்லும்?"

சாரங்கபாணி அவரையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பூஜை அலமாரி பக்கத்தில் சார்ஜில் கிடந்த பர்வதத்தின் போனை எடுத்து வந்தார். முந்தின நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

காலை ஐந்து பத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "அம்மா, சிங்கப்பூர் வந்துட்டேன்."

சாரங்கபாணி அதை இரண்டு முறை படித்தார். "மானசா வரட்டும்" என்றார். சீனு கோயிலில் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். அப்பாசாமி பெட்டியின் ஒயரைச் சரிபார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார். மனசு நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்கு அந்தப் போன் மறுபடி ஒலித்தது. சாரங்கபாணி எடுத்துப் பார்த்தார். பெட்டியின் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "பர்வதம், இறங்கிட்டாளாம்" என்றார்.