எதிர் வீட்டு அத்தையின் சாட்சி

எனக்குப் போலீஸ் என்றால் பயம். ஏதாவது குற்றம் செய்திருந்தால் அந்தப் பயத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும். அதுவும் இல்லை. கண்டக்டர் சில்லறையைத் தவறாகக் கொடுத்தால் நான்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அப்படிப்பட்டவள், விசாவுக்கு வேண்டிய காகிதங்களில் காவல்துறைச் சான்றிதழும் உண்டு என்று படித்த அன்று சாப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்பதுதான் என் வேலையும். மேசை நாற்காலி விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு, செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் போனிலும் எழுத்திலும் பதில் சொல்கிறேன். எங்கோ ஒரு ஊரில் சோபாவின் கால் உடைந்து போனால் இங்கே நான் வருந்துகிறேன். பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச நாள் இருந்தேன். அப்பா இறந்ததும் அம்மாவுக்குத் துணையாக வீட்டுக்கே வந்துவிட்டேன். மத்தியானம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் தெரு அடங்கும்வரை வேலை இருக்கும். வீட்டில் இருந்தே வேலை, கை நிறையச் சம்பளம், வேறென்ன வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. நான் யாருடைய மகள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாருக்குமே தெரியாத ஒரு தெருவில், காலை வெயிலில், கையை வீசிக்கொண்டு நடந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு விசா இருக்கிறது என்று கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள். இருக்கும் வேலையை விடாமல், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு நாட்டில் தங்கி வேலை பார்க்கலாமாம். ஒரு வருடம் இருந்து பார்த்து, பிடித்தால் நீட்டித்துக்கொள்ளலாம். நான் போர்ச்சுகல்லைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று போனில் படம் போட்டுக் காட்டினேன். ஓரத்துல இருக்கே, கடல்ல விழுந்துடாதா என்று கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெருவில் மட்டும் யாரிடமும் சொல்லாதே என்றாள். நானும் சொல்லவில்லை. முடியாமல் போனால் கேலி செய்வார்களே என்ற பயம் எனக்கு.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வந்துவிட மாட்டார்கள். முன்னால் ஒரு ஆளை அனுப்புவார்கள். தெரிந்த முகமாக இருக்காது. டீக்கடையில் ஒரு டீ குடிப்பார், எதிர் வீட்டில் தண்ணீர் கேட்பார், பேச்சுவாக்கில் ‘அந்த வூட்டுப் புள்ள எப்படி?’ என்று போட்டு வாங்குவார். எங்கள் தெரு இதில் நன்றாகத் தேறிய தெரு. யார் வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்லும். தலை நிமிர்ந்து பார்க்காது, வாசலுக்கே வராது, வேலைக்கு அனுப்ப வேண்டிய தலையெழுத்து அவங்களுக்கு இல்லை. வீட்டுக்கு வீடு சண்டை இருக்கும், வேலித் தகராறு இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. எனக்கு முப்பத்து மூன்று வயதாகியும் இந்தப் பாராட்டு கொஞ்சமும் குறையவில்லை. அதில் எனக்குக் கோபம்தான் வரும்.

திருச்சி பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்ச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரிப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தெருவில் புல்லட் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். காக்கிச் சட்டையோடு ஒரு ஆள் வாசலில் வந்து நிற்பார், தெருவே கூடிவிடும், அம்மா அழுவாள் என்றெல்லாம் நானே கற்பனை செய்து நானே பயந்துகொண்டிருந்தேன்.

அப்படியிருக்க, ஒரு நாள் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற அரியலூர் போனோம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எதிர் வீட்டு அத்தை ஓடி வந்தார். அத்தை என்றால் ரத்த சொந்தம் இல்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டவர். என்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர் கைதான். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“அண்ணி, ஆளு வந்துட்டுப் போயிட்டாருங்க. நல்ல களையான ஆளு. சொந்த வண்டி. ஒரு அதிகாரத் தோரணையா இருந்தாரு, கெவருமெண்டு வேல மாப்புளதான் போல. நான் வுடுவனா? நல்லா சொல்லி அனுப்பிச்சிருக்கேன்.”

“என்னத்த சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஒன்னப் பத்தி கொற சொல்றதுக்கு என்ன இருக்கு, ஆயி? வேலவெட்டிக்கெல்லாம் போவாது, அந்தக் கம்ப்யூட்டரு சும்மா பொழுதுபோவறதுக்குன்னேன். வெளியூரு எங்கியும் போவுமான்னாரு. அது பெரம்பலூருக்குத் தனியா போவவே பயப்படும், அவ்ளோ அடக்கமான புள்ளன்னேன். அந்த மனுசன் முகத்தப் பாக்கணுமே, அப்படியே அசந்துட்டாரு. டீக்கடயிலயும் கேட்டுட்டுத்தான் போனாராம். அங்கயும் இதேதான் சொல்லிருக்காங்க.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் அவள் சாமி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஆளையும் எப்படியாவது தட்டிக் கழிக்க வேண்டுமே என்றுதான் யோசித்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஏட்டு. நேற்று காக்கியில்லாமல் மப்டியில் வந்து விசாரித்துவிட்டுப் போனது தான்தான் என்றார். உடனே புறப்பட்டு வரச் சொன்னார். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தேய்த்து வைத்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் ஏட்டு கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“வெளிநாட்டுக் கம்பெனியில வேலைன்னு எழுதியிருக்கீங்க. தெருவுல வேலையே கெடையாதுங்கறாங்க. போர்ச்சுகல் போறேங்கறீங்க. பெரம்பலூருக்கே தனியா போனதில்லங்கறாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, கேட்ட அத்தன பேரும். இதுல எத நம்பறது? எந்த ஏஜென்ட்டும்மா ஒங்கள அனுப்பறது?”

ஏஜென்ட் யாரும் இல்லை சார் என்றேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

“கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போறாங்க. போன ஒடனே பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கிட்டு, ஒரு ரூமுல போட்டு அடைச்சி, போன் போட்டு ஊரை ஏமாத்தற வேலைய செய்ய வெக்கிறாங்க. மாட்டேன்னா அடி. பெத்தவங்க இங்க வந்து அழுவறாங்க. நாங்க எங்கன்னு போயி தேடறது? சரி, ஒங்க மேனேஜரு, மொதலாளி, யாரையாவது நேர்ல பாத்துருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“ஒருத்தரக்கூட?”

ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. சம்பளம் மாதாமாதம் வருகிறது, திரையில் முகங்கள் வருகின்றன, பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்கின்றன. ஆனால் அந்த ஆட்களின் கையை நான் தொட்டதில்லை, அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்ததில்லை.

“எங்க கடமைக்கு ஒண்ணு எழுதிட்டு ஒங்கள அனுப்பிடலாம். நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது? நேத்து சொன்னாங்கல்ல எதிர் வூட்டம்மா, அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால மாத்திச் சொல்லட்டும். கம்பெனியில ஒரு லெட்டரும் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா நான் பாத்தத, கேட்டதத்தான் எழுதுவேன்.”

அப்படி எழுதினால் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் விசா கிடையாது. அது எனக்கும் தெரிந்தது, வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கும் தெரிந்தது.

அன்றைக்கு வேலையில் மேனேஜர் திரையில் வந்தபோது நான் அவரை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தேன். அவருக்குப் பின்னால் எப்போதும் மங்கலாக ஒரு வெளிச்சம்தான் தெரியும். கடிதம் வேண்டும் என்று கேட்டேன். தருகிறேன் என்றார். பிறகு என்ன தைரியத்தில் கேட்டேனோ, உங்கள் ஜன்னலைக் காட்டுவீர்களா என்று கேட்டுவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் நினைத்திருப்பார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. கீழே ஒரு பெண் குடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். நன்றி என்றேன். கூப்பிட்டால் ஓடி வர முடியாத தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் அந்த ஜன்னலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. பயம் குறையவில்லை, கூடிவிட்டது.

எதிர் வீட்டு அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர் போலீஸ் என்பதைவிட, நான் வெளிநாடு போகப் போகிறேன் என்பதைத் தன்னிடம் மறைத்துவிட்டோமே என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. ஸ்டேஷனுக்கு வர மறுத்துவிட்டார்.

“எங்க வம்சத்துல ஒரு பொம்பள ஸ்டேஷன் படி ஏறுனதில்ல. அதுவும் எதுக்கு? இந்தப் புள்ள வேலைக்குப் போவுது, ராத்திரி வரைக்கும் வெள்ளக்காரன்கிட்ட பேசுது, தனியா வெளிநாடு போவுதுன்னு நான் என் வாயால சொல்லிட்டா, நாளைக்கு எந்த மாப்புள வூட்டுக்காரன் இந்தத் தெருவுக்குள்ள காலடி எடுத்து வெப்பான்?”

“வரவே வேணாம்!” என்று நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. அத்தை விக்கித்துப் போய் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எழுந்து அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும் அவ போறதுல இஷ்டமில்லதான். ஆனா நாம பொய் சொல்லி நின்னு போச்சுன்னா, காலத்துக்கும் அவ மொகத்துல நான் எப்படி முழிக்கறது? எனக்காக வாங்க” என்றாள். அவளுக்கு இஷ்டமில்லை என்பதை அன்றுதான் அவள் வாயால் கேட்டேன். சுருக்கென்றது.

மறுநாள் மூன்று பேரும் போனோம். அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் படியில் செருப்பைக் கழற்றப் போனார். வாசலில் பாராவுக்கு நின்ற பெண் போலீஸ், பரவால்ல வாங்கம்மா என்றார். உள்ளே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று ஏட்டு கேட்டார்.

“பொண்ணு கேட்டு வந்துருக்கீங்கன்னு நெனச்சிட்டேன் சார். அதுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு சொன்னது. இது வேலைக்குப் போவுது சார். எங்க வூட்டு ஜன்னலுக்குக் கேக்கும், நாள் பூரா சாரி சாரின்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.”

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பெனிக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “அது சரி, பயப்படும்னு சொன்னீங்களே, அதுவும் பொய்தானா? அவ்ளோ தூரத்துல தனியா போயி இது சமாளிக்குமா?” என்று கேட்டார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் பொய்தான், தைரியமான பெண் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“அது பொய்யில்ல சார். ரொம்ப பயப்படும். அவங்கப்பா அரியலூர் ஆஸ்பத்திரியில தவறிப்போனப்ப, கையெழுத்துப் போட ஆம்பள யாரும் கூட இல்ல. நானும் இவங்கம்மாவும் தரையில உழுந்து கெடக்கறோம். இதுதான் போயி கையெழுத்துப் போட்டு ஒடம்ப வாங்குனிச்சு. ஒதறிக்கிட்டே போட்டுச்சு சார். பேனா ரெண்டு தரம் கீழ உழுந்துச்சு. எடுத்து எடுத்துப் போட்டுச்சு.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை நான் யாரிடமும் பேசியதே இல்லை. என் கை உதறியதை யாரும் கவனித்திருப்பார்கள் என்று நினைத்ததும் இல்லை. ஏட்டு வேறெதுவும் கேட்கவில்லை. போயிட்டு வாங்கம்மா, நான் எழுதிக்கிறேன் என்றார்.

சான்றிதழ் வந்தது. மற்ற காகிதங்களையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மறுத்துவிடுவார்கள் என்றே நம்பிக்கொண்டு காத்திருந்தேன். மறுத்தால் நல்லது என்றுகூடச் சில நாள் தோன்றும். மறுக்கவில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

அவர் முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, என் போட்டோவை வெயிலில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“அந்த ஊர்ல ஒன்னப் பத்தி யாராச்சும் வந்து கேட்டா, நாலு நல்ல வார்த்த சொல்றதுக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்லத்த” என்றேன். இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடும் ஒரு பயம் அப்போதுதான் வந்தது.

அத்தை பாஸ்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“அப்ப என் நம்பரக் குடு அவங்ககிட்ட. நான் சொல்றேன்.”