சூட்டோடு அளந்த சக்கரம்

வாய்மை தன்னை உடையவனை வாழவைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். செம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் முனீரை அறிந்தபின் அதைச் சொல்ல நாக்கூசுகிறது.

முனீர், மீனம்பாக்கத்தில் விமானங்களைப் பராமரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். இறங்கி நின்ற விமானத்தின் சக்கரங்களை ஆராய்ந்து, மீண்டும் பறக்கத் தக்கதென்று சொல்வது அவர் பொறுப்பு. தரையில் உராய்ந்து வந்த டயருக்குள் சூட்டால் அழுத்தம் கூடியிருக்கும். அந்நேரத்தில் அளந்தால், குறைந்த காற்றும் நிறைந்ததாகவே காட்டும். ஆகவே ஆறிய பின்பே அளக்க வேண்டும் என்பது தொழிலின் விதி. வந்தவர்கள் இறங்கி, போகிறவர்கள் ஏறியதும் விமானம் கிளம்பிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. இவ்விரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததேயில்லை. பணியாளர் எல்லோரும் சூட்டோடே அளந்தார்கள்; சூட்டுக்கென்று மனத்துக்குள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். முனீரும் அப்படியே செய்தார்.

ஒரு பங்குனி நண்பகலில் அவ்வாறு அளந்து அனுப்பிய விமானம் மதுரை சென்று மாலையில் திரும்பியது. இறங்கிய வேகத்தில் இடப்புற டயர் வெடித்தது. ரப்பர்த் துண்டுகள் இறக்கையின் அடிப்புறத்தைக் கிழிக்க, விமானம் ஓடுபாதையிலேயே ஒருபுறம் சாய்ந்து நின்றது. பயணிகள் ஏணிவழி இறக்கப்பட்டனர், ஒருவருக்கும் காயமில்லை. அதற்காக முனீர் இறைவனுக்கு நன்றி சொன்னார். தமக்கென ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

விசாரணைக்கு முந்திய நாள், மேலாளர் பத்ரி அவரைக் கேன்டீனுக்கு அழைத்தார்.

“சிம்பிள், முனீர். ஆறினப்புறம்தான் பார்த்தேன்னு சொல்லிடுங்க. மேல யாரும் கேக்கமாட்டாங்க.”

“நீங்கதானே சார் சீக்கிரம் அனுப்பச் சொன்னீங்க?”

“சீக்கிரம்னுதான் சொன்னேன். சூட்டோட பாருங்கன்னு சொன்னேனா?”

“ஆறினப்புறம் காத்து சரியா இருந்துச்சுன்னு நான் சொன்னா, டயரைக் கோத்தவர் மேல பழி போயிடுமே சார். முனிரத்தினத்துக்கு வேலை போயிடும்.”

“அது அவர் பாடு. உங்களுக்குக் காலேஜ் போற பொண்ணு இருக்கா. அதை யோசிங்க.”

முனிரத்தினம், பணிமனையில் சக்கரங்களுக்கு டயர் கோப்பவர். அவர் வேலையில் பழுதில்லை. நாள்பட இறங்கியிருந்த காற்றைத் தாமே காணத் தவறினோம் என்பதை முனீர் அறிவார்.

வீட்டில் மனைவி சாஜிதா கெஞ்சினார். “அல்லாவுக்காக, இந்த ஒரு வாட்டி வாய மூடிக்கினு வாங்களேன்.”

மறுநாள் முனீர் வாயைத் திறந்தார். “சூட்டோடதான் சார் அளந்தேன். நாங்க எல்லாருமே அப்படித்தான் அளக்கறோம்.”

பத்ரி மறுத்தார். பின்னர் முனிரத்தினம் அழைக்கப்பட்டார். விமானத்தருகே உதவிக்கு வந்த நாட்களில் சூட்டோடு அளப்பதைப் பலமுறை கண்டவர் அவர். “அப்படி ஒரு பழக்கமே எங்ககிட்ட இல்ல சார்” என்றார். எனவே முனீர் உரைத்த இரண்டனுள் முன்னது மெய்யென ஏற்கப்பட்டது. பின்னது பொய்யெனத் தள்ளப்பட்டது. தவறு ஒருவனுடையதாயிற்று. முனீரின் வேலை போயிற்று. வேறெந்த நிறுவனமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து, இனிப்புப் பெட்டியோடு முனிரத்தினம் செம்பாக்கம் வந்தார்.

“இன்னா பாய், என்னாண்ட கோவமா? அந்த பத்ரி எதிர்லயே குந்திகினு மொறைக்கறாரு. நான் இன்னா பண்றது சொல்லு?”

சாஜிதா தேநீரைக் கொணர்ந்து முன்னே வைத்தார்.

“சூடாத்தான் கீதுண்ணே. ஆறினாத்தான் தொடுவீங்கன்னா, வெச்சுட்டுப் போறேன்.”

முனிரத்தினம் சிரிக்க முயன்றார், வரவில்லை.

“விடு சாஜி, குடிக்கட்டும்” என்றார் முனீர்.

வந்தவர் ஒரே மூச்சில் அதைக் குடித்தார். நாக்குச் சுட்டிருக்க வேண்டும். கண்ணில் நீர் கோத்தது. அதன்பின் அவர் அத்தெரு வழியே வந்ததில்லை.

இன்று முனீர், ஊரப்பாக்கத்து அடுக்ககம் ஒன்றில் தண்ணீர் மோட்டாரும் லிஃப்டும் பார்த்துக்கொள்கிறார். சாஜிதா ரவிக்கை தைக்கிறார். மகள் அஃப்ஷான் கல்லூரியை விட்டு அஞ்சல்வழி படிக்கிறாள். திருநீர்மலையில் ஏறி நின்றால், சக்கரம் நீட்டி இறங்கும் விமானங்கள் கைக்கெட்டுவன போல் வருகின்றன. அவற்றின் டயர்களை எப்போது அளந்தார்கள் என்று கேட்பார் இல்லை. கேட்டாலும், மெய் சொன்னவனுக்கு நேர்ந்ததை அங்குள்ளவர் யாவரும் கண்டிருக்கிறார்கள்.

முனீரின் மனை வாழ்க. அங்கே உலை பொங்குக. சாஜிதாவின் முகம் மலர்க. அஃப்ஷானின் கல்வி நிறைவெய்துக. மனிதர் கொடுக்க மறுத்ததை, அவ்வீட்டார் தொழும் இறைவன் அவர்கள் வாசல் நிறையக் கொடுப்பானாக.